வேலியோரத்துத் தொலைபேசி

"ஆமிஷ் மக்கள் ஏன் இன்னும் மின்சாரத்தையும் காரையும் வெறுக்கிறார்கள்? அப்படி வாழ்வதால் நம்மைவிட நிம்மதியாக இருக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் 'வெறுக்கிறார்கள்' என்ற சொல்லை அப்புறப்படுத்திவிடுவோம். அதை வைத்துக்கொண்டு யோசித்தால், வட அமெரிக்காவில் பழைய முறையில் வாழும் இந்தக் கிறிஸ்தவப் பிரிவினரின் வாழ்க்கையில் ஒன்றுமே பொருந்தி வராது. காரை வெறுப்பவர்கள் வாடகை வேனில் ஏறிக் கல்யாணத்துக்குப் போவார்களா? மின்சாரத்தை வெறுப்பவர்கள் மாட்டுக்கொட்டகையில் பேட்டரி வைத்திருப்பார்களா? இரண்டையும் அவர்கள் செய்கிறார்கள், ஒளிவுமறைவில்லாமல்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள லங்காஸ்டர் வட்டாரம்தான் இன்றிருக்கும் ஆமிஷ் குடியிருப்புகளில் மிகப் பழையது. அங்கே பண்ணை வீடுகளைக் கடந்து போனால், வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி, வயலோரத்திலோ வேலியோரத்திலோ ஒரு சிறிய மரக்கூண்டு நிற்பதைக் காணலாம். சுற்றுலா வருகிறவர்கள் அதைக் கழிப்பறை என்று நினைத்துக்கொள்வதுண்டு. உள்ளே இருப்பது தொலைபேசி. பல இடங்களில் இரண்டு மூன்று குடும்பங்களுக்குச் சேர்த்து ஒன்று.

அது அங்கே போய் நின்ற கதை நூறு வருடத்துக்கு மேற்பட்டது. 1910 வாக்கில் லங்காஸ்டரில் சில ஆமிஷ் வீடுகளுக்குள் தொலைபேசி வந்துவிட்டது. ஒரே கம்பியில் பல வீடுகளை இணைத்திருந்த காலம் அது. ஒரு வீட்டில் பேசுவதை இன்னொரு வீட்டில் எடுத்துக் கேட்கலாம். இரண்டு பெண்கள் மூன்றாமவளைப் பற்றிப் புறணி பேச, அது அவள் காதிலேயே விழுந்து, விவகாரம் சபைக்கு வந்ததாக ஒரு வாய்வழிக் கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், வீட்டுக்குள் தொலைபேசி கூடாது என்று சபை முடிவெடுத்தது. அந்த வருடங்களில் சபை இரண்டாகப் பிரிந்ததற்குத் தொலைபேசியும் ஒரு காரணம். ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி வந்தால்? மாடு கன்று ஈன முடியாமல் தவித்தால்? அவசரத்துக்கு அக்கம்பக்கத்தில் இருந்த பிற வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள், பிற்பாடு வேலியோரத்தில் ஒரு பொதுத் தொலைபேசியை வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார்கள். வேண்டும்போது நடந்துபோய்ப் பேசலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது மணியடித்து யாரையும் எழுப்பாது.

இந்தக் கூண்டை நன்றாக மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதோடு அவர்கள் நிற்பதில்லை. அது வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1920 வாக்கில் லங்காஸ்டர் ஆமிஷ் தலைவர்கள் மறுத்தது மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பியை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை அவர்கள் தடுக்கவில்லை. பேட்டரியால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது. கம்பி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், அதன் பின்னாலேயே வானொலி வரும், பின்னர் எது வருமென்று தெரியாது. தொலைக்காட்சி வருவதற்கு முப்பது வருடம் முன்பே எடுத்த முடிவு இது என்பதை நினைத்துப் பார்த்தால், எனக்கு அந்தத் தாடிக்காரக் கிழவர்கள்மீது ஒரு மரியாதை வருகிறது. கம்பி இல்லாத வீட்டில் குளிர்பெட்டி எரிவாயுவில் ஓடுகிறது. தச்சுப் பட்டறையில் டீசல் இயந்திரம் காற்றை அழுத்தித் தொட்டியில் நிரப்புகிறது. அந்த அழுத்தக் காற்றில் ரம்பமும் துளைப்பானும் சுழல்கின்றன. தையல் இயந்திரத்தைக்கூட அதில் ஓட்டுகிறார்கள். வெளியாட்கள் இதைக் கேலியாக 'ஆமிஷ் மின்சாரம்' என்பார்கள்.

கேலி செய்ய இடமிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1960களில் பால் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். பாலைப் பெரிய குளிர்தொட்டிகளில் சேமித்தால்தான் வாங்குவோம் என்று பால் நிறுவனங்கள் சொல்லிவிட்டன. தொட்டிக்கு மின்சாரம் வேண்டும். மறுத்தால் பண்ணையை மூட வேண்டியதுதான். பேச்சுவார்த்தை நடந்தது. டீசல் இயந்திரத்தால் குளிரூட்டுவது, பாலைக் கலக்கும் சுழலியைப் பேட்டரியால் ஓட்டுவது என்று ஆமிஷ்காரர்கள் இறங்கிவந்தார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை பால் வண்டி வரக்கூடாது. நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. ஒரு கருவியை வாங்குவதற்கு முன் அதன்மீது நிபந்தனை போட்டவர்கள் என்று நான் இவர்களைத்தான் சொல்வேன். நாமெல்லாம் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானைப் படிக்காமலே அழுத்துகிறவர்கள்.

கார் விஷயமும் இதே மாதிரிதான். ஏறலாம், சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது. குதிரை ஒரு நாளில் இழுக்கக்கூடிய தூரம் கொஞ்சம்தான். அதனால் அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாரும் அந்தத் தூரத்துக்குள் இருந்தாக வேண்டும். கார் வந்தால் ஊர் சிதறும் என்பது ஒரு பயம். யாருடைய கார் பெரியது என்ற போட்டி வரும் என்பது இன்னொன்று. டிராக்டரைக் களஞ்சியத்தருகே நிறுத்திவைத்து அதன் சக்கரத்திலிருந்து வார்ப்பட்டை போட்டு மற்ற இயந்திரங்களை ஓட்டலாம். வயலில் உழுவதற்குக் குதிரையோ கோவேறு கழுதையோதான். டிராக்டருக்கு ரப்பர் டயர் கூடாது, இரும்புச் சக்கரம்தான். ரப்பர் டயர் போட்டால் சாலையில் ஏறும், சாலையில் ஏறினால் காருக்குப் பதிலாக அதையே ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விடுவார்கள். மனித சுபாவத்தை இவ்வளவு துல்லியமாகக் கணக்கில் எடுத்த சட்டம் குறைவு.

இதையெல்லாம் முடிவு செய்வது யார்? ஒரு தலைமைப்பீடம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. 25 முதல் 40 குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும் தனக்குத்தானே விதி செய்துகொள்கிறது. அந்த விதித்தொகுப்புக்கு 'ஆர்ட்னுங்' என்று பெயர். 'ஒழுங்கு' என்று தமிழில் நேராகவே சொல்லிவிடலாம். பெரும்பாலும் எழுதிவைப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்கு முன்பு சபை கூடி விதிகளைப் பேசுகிறது. மனத்தாங்கல் தீராவிட்டால் திருவிருந்தையே தள்ளிப்போடுகிறார்கள். அதனால்தான் ஊருக்கு ஊர் இவ்வளவு வித்தியாசம். லங்காஸ்டரில் குதிரை வண்டியின் கூண்டு சாம்பல் நிறம், ஓஹையோவில் கறுப்பு, பென்சில்வேனியாவின் ஒரு பள்ளத்தாக்கில் மஞ்சளும் வெள்ளையும்கூட உண்டு. வட இண்டியானாவில் சைக்கிள் ஓட்டுகிறார்கள். லங்காஸ்டரில் சைக்கிள் கூடாது, காலால் உந்தும் ஸ்கூட்டர்தான்.

தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை இன்னும் விசித்திரமானது. போதகர் ஆவதற்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. ஆசைப்பட்டாலே அது ஆணவம். ஆண், பெண் என்று ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய பெயரை மூத்தவரிடம் கிசுகிசுப்பாகச் சொல்கிறார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெயர் வந்தவர்களுக்கு முன்னால் ஒரே மாதிரியான பாட்டுப்புத்தகங்களை வைக்கிறார்கள். ஒன்றில் மட்டும் வேதவசனம் எழுதிய சீட்டு இருக்கும். ஆளுக்கொரு புத்தகம் எடுக்கிறார்கள். சீட்டு யாரிடம் இருக்கிறதோ, அவர் அன்றிலிருந்து சாகும்வரை போதகர். பயிற்சி இல்லை, சம்பளம் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. காலையில் விவசாயியாக வந்தவர் மாலையில் போதகராகத் திரும்பும்போது அந்த வீட்டில் கண்ணீர்தான். வாழ்த்துச் சொல்லி மாலை போடும் வழக்கமெல்லாம் இல்லை.

இந்த அடக்கத்தின் வேர் ஐரோப்பாவில் இருக்கிறது. 1525இல் சூரிச்சில் சிலர், குழந்தைக்குக் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது, புத்தி தெரிந்து தானாக முன்வந்து பெறுவதே செல்லும் என்று சொல்லித் தங்களுக்குள் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். 1527இல் அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ட்ஸை அந்நகரத்து ஆற்றிலேயே மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்ணீரில் குற்றம் செய்தவனுக்குத் தண்ணீரிலேயே தண்டனை என்ற குரூரமான நையாண்டி. அந்த வழியில் வந்த சுவிஸ், அல்சாஸ் பகுதிச் சபைகளில் 1693இல் ஒரு பிளவு. விலக்கப்பட்டவரோடு ஒரே பந்தியில் உட்காரவும் கூடாது என்று கடுமை காட்டிய யாக்கோப் அம்மானின் பெயரிலிருந்து வந்ததுதான் 'ஆமிஷ்'. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறினார்கள். ஐரோப்பாவில் கடைசி ஆமிஷ் சபை 1937இல், அதே மறுஞானஸ்நான மரபில் வந்த மென்னோனைட் சபையோடு கரைந்துவிட்டது. சிறையில் கிடந்தவர்கள் எழுதிய 16ஆம் நூற்றாண்டுப் பாடல்களை இன்றும் ஞாயிறு ஆராதனையில் இசைக்கருவி இல்லாமல் பாடுகிறார்கள். ஒரு பாட்டு முடிய இருபது நிமிடம்கூட ஆகும். வீட்டில் பேசுவது பென்சில்வேனியா டச்சு என்கிற ஜெர்மன் வட்டார மொழி. தங்களைச் சேராத எல்லாரும் அவர்களுக்கு 'இங்கிலீஷ்காரர்கள்'. லங்காஸ்டரில் ஒரு தமிழர் வீடு வாங்கிக் குடியேறினாலும் அவர்கள் கணக்கில் இங்கிலீஷ்காரர்தான்.

அரசாங்கத்தோடு அவர்கள் மோதிய இடங்கள் இரண்டு: பள்ளிக்கூடம், ஓய்வூதியம். முதியவர்களைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை, அதற்கு அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டுவது விசுவாசக் குறைவு என்றார்கள். 1961இல் பென்சில்வேனியாவில் ஓர் ஆமிஷ் விவசாயி உழுதுகொண்டிருந்தபோது வரி அதிகாரிகள் அவருடைய மூன்று குதிரைகளை ஏர்க்காலிலிருந்து அவிழ்த்துக்கொண்டு போய் ஏலம் விட்டார்கள். நாடே முகம் சுளித்தது. 1965இல் சொந்தத் தொழில் செய்யும் ஆமிஷ்காரர்களுக்கு விலக்குக் கிடைத்தது. அதே 1965இல் அயோவா மாநிலத்தில் ஆமிஷ் பிள்ளைகளைப் பள்ளி பஸ்ஸில் ஏற்ற அதிகாரிகள் வந்தபோது, பிள்ளைகள் சோளக்காட்டுக்குள் சிதறி ஓடும் புகைப்படம் பத்திரிகைகளில் வந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பு போதும் என்பது அவர்கள் நிலை. விஸ்கான்சினில் மூன்று தகப்பன்மார்களுக்கு ஆளுக்கு 5 டாலர் அபராதம் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1972இல் ஆமிஷ் தரப்பு வென்றது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டு ஒரு கேள்வி கேட்டார்: பிள்ளைக்கு விண்வெளி வீரராகவோ பியானோ கலைஞராகவோ ஆக ஆசை இருந்தால்? பிள்ளையை யாரும் கேட்டீர்களா? என்னைப் பொறுத்தவரை ஆமிஷ் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுகிற எவரும் தாண்டிப்போக முடியாத கேள்வி அது.

பதினாறு வயது ஆனதும் இளைஞர்களுக்குக் கொஞ்சம் கயிறு தளரும் காலம் வருகிறது. 'ரும்ஷ்பிரிங்கா' என்பார்கள்; சுற்றித் திரிதல் என்று பொருள். தொலைக்காட்சிக்காரர்கள் காட்டுவது குடி, கூத்து. பெரும்பாலானவர்களுக்கு அது ஞாயிறு மாலை ஒன்றுகூடிப் பாடுவதும் துணை தேடுவதும்தான். அதற்குப் பிறகு ஞானஸ்நானம் பெறலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். நூற்றுக்கு 85 பேருக்கு மேல் சபையிலேயே தங்கிவிடுகிறார்கள். சேராமல் போகிறவனை யாரும் விலக்கிவைப்பதில்லை. சேர்ந்து, வாக்குக் கொடுத்து, பிறகு போகிறவனுக்குத்தான் விலக்கு. சொந்தத் தாய் வீட்டுக்கு வந்தாலும் தனி மேசையில் சாப்பிட வேண்டும். அவன் கையிலிருந்து நேராக ஒரு பொருளை வாங்கமாட்டார்கள். உதவி கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வந்து மண்டியிட்டால் எப்போதும் கதவு திறந்திருக்கும் என்கிறார்கள். ஆனால் எட்டாம் வகுப்புப் படிப்போடு, தெரிந்த அத்தனை முகங்களையும் விட்டுவிட்டு, இருபது வயதில் வெளியே காலடி வைப்பவனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? அந்த 85 சதவீதத்தில் சந்தோஷம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எந்தத் தராசும் இல்லை.

இதே இரட்டைத்தன்மையை அவர்களுடைய மன்னிப்பிலும் பார்க்கலாம். 2006 அக்டோபர் 2 அன்று லங்காஸ்டரின் நிக்கல் மைன்ஸ் என்ற இடத்தில், ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். ஆமிஷ்காரன் அல்ல, அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பால் எடுத்துப்போகும் லாரி ஓட்டியவன். பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐந்து பேர் இறந்தார்கள், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டான். அன்று மாலையே ஆமிஷ் ஆட்கள் அவனுடைய மனைவி, பெற்றோர் வீடுகளுக்குப் போய் ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆமிஷ்காரர்கள். பத்து நாளில் அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். உலகம் வாயடைத்துப் போனது. அது நடிப்பு அல்ல, பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. 1569இல் தன்னைத் துரத்தி வந்த காவலன் உறைபனி உடைந்து நீரில் விழுந்தபோது, திரும்பி வந்து கைகொடுத்துத் தூக்கி, அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்ட டிர்க் வில்லெம்ஸின் கதை தெரியாத ஆமிஷ் குழந்தை இல்லை.

ஆனால் அதே மன்னிப்பு வீட்டுக்குள் நடக்கும் குற்றத்துக்கும் பொருந்தும்போது என்ன ஆகிறது? சிறுவயதில் நெருங்கிய உறவினராலேயே பாலியல் வன்முறைக்கு ஆளான ஆமிஷ் பெண்கள் வெளியே வந்து சொல்லியிருப்பது இதுதான்: குற்றவாளி சபைக்கு முன் மண்டியிட்டான், சில வாரங்கள் விலக்கிவைத்தார்கள், பிறகு எல்லாரும் மன்னித்தாக வேண்டும், அவளும்தான். மீண்டும் பேச்செடுத்தால் மன்னிக்காத பாவம் அவள்மீது விழும். போலீசுக்குப் போவது ஊரைக் காட்டிக்கொடுப்பது. நிக்கல் மைன்ஸில் வெளியுலகம் கும்பிட்ட அதே குணம் இங்கே ஒரு பெண்ணின் வாயைப் பொத்துகிறது.

நிம்மதிக் கேள்விக்கு வருகிறேன். உடம்பைப் பொறுத்தவரை சில பதில்கள் உண்டு. 2004இல் கனடாவின் ஒன்டாரியோ ஆமிஷ்காரர்களுக்கு நடைமானி கட்டிப் பார்த்ததில் ஆண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 18,000 அடிகளுக்கு மேல் நடந்தார்கள், பெண்கள் 14,000க்கு மேல். 2016இல் வெளியான இன்னோர் ஆய்வில், இண்டியானா ஆமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான் ஆஸ்துமா. மரபுவழியில் அவர்களுக்கு நெருங்கிய, ஆனால் பெரிய இயந்திரப் பண்ணைகளில் வாழும் ஹட்டரைட் என்ற இன்னொரு கிறிஸ்தவப் பிரிவின் பிள்ளைகளில் சுமார் 21 சதவீதம். வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகையின் தூசிதான் காப்பாற்றுகிறது என்றார்கள். மறுபுறம், சில நூறு மூதாதையரின் வழித்தோன்றல்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொள்வதால், வேறெங்கும் அரிதான மரபணு நோய்கள் அங்கே குழந்தைகளைத் தாக்குகின்றன. அதற்காக 1989இல் லங்காஸ்டரின் ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவர் ஹோம்ஸ் மார்ட்டன் ஒரு சிறப்பு மருத்துவமனை தொடங்கினார். அங்கே அதன் மரக்கட்டடத்தை அன்று ஆமிஷ், மென்னோனைட் ஆட்கள் கூடிக் களஞ்சியம் எழுப்புவதுபோல எழுப்பினார்கள். செலவுக்கு ஆண்டுதோறும் மெத்தைவிரிப்பும் மரச்சாமானும் ஏலம் விட்டுப் பணம் திரட்டுகிறார்கள். அந்த மருத்துவமனையில் நடப்பது நவீன மரபணுப் பகுப்பாய்வு. குதிரை வண்டி வாசலில் கட்டியிருக்கும். காப்பீடு வாங்குவதில்லை, மருத்துவச் செலவைச் சபை நிதியிலிருந்து பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே நவீன உலகத்தை உதறிவிட்டு வாழ்கிறார்கள் என்பதும் சரியில்லை. அதன் நீதிமன்றமும் மருத்துவமும் டீசலும் வாடிக்கையாளரும் இல்லாமல் அவர்களால் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க முடியாது. தனிமையில் சாகும் முதியவர் அங்கே இல்லை, யாரும் கேட்காமல் பிள்ளை பெற்றுத் தனியாகத் தவிக்கும் தாய் இல்லை. தனக்கென்று ஓர் அறையும் ஒரு விருப்பமும் வேண்டும் என்பவருக்கு அங்கே இடமும் இல்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். ஒரு வாரத்தில் ஓடிவந்துவிடுவேன்.

மறைந்துபோவார்கள் என்று ஒருகாலத்தில் ஆரூடம் சொன்னார்கள். 1900இல் சுமார் 5,000 பேராக இருந்தவர்கள் 2024இல் 4 லட்சம். குடும்பத்துக்கு ஆறேழு பிள்ளைகள். சுமார் இருபது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. அவர்களுடைய இன்றைய சங்கடமே இந்தப் பெருக்கம்தான். லங்காஸ்டரில் நிலத்தின் விலை ஏறிவிட்டது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரித்துக்கொடுக்கப் பண்ணை இல்லை. பெரும்பாலான ஆண்கள் இன்று உழவர்களே அல்ல. தச்சர்கள், கட்டட ஒப்பந்தக்காரர்கள், கடைக்காரர்கள். வட இண்டியானாவில் சுற்றுலா வண்டிகள் கட்டும் தொழிற்சாலைகளில் மணிக்கூலிக்கு வேலை செய்கிறார்கள். தாங்கள் ஏறி ஓட்டக்கூடாத வாகனத்தைத் தங்கள் கையாலேயே செய்கிறார்கள்.

அங்கேதான் அந்த வேலியோரத்துத் தொலைபேசி திரும்பி வருகிறது. கூரை வேலைக்கு ஆள் எடுத்த ஆமிஷ் ஒப்பந்தக்காரரை வாடிக்கையாளர் எங்கே கூப்பிடுவார்? அவர் இருப்பது சாரத்தின்மேல். கூண்டு இருப்பது முப்பது மைல் தள்ளி, அவர் வீட்டு வேலியில். செல்பேசி சட்டைக்குள் நுழைந்தது இப்படித்தான். கம்பி இல்லை, பேட்டரியில் ஓடுகிறது. பழைய விதிகள் எதிலும் அது அகப்படவில்லை. இதை எந்த வேலியோரத்தில் கொண்டுபோய் நிறுத்துவது? பட்டறையோடு நிற்கட்டும், வீட்டுக்கு வரக்கூடாது என்கின்றன சில சபைகள். பேசலாம், இணையம் கூடாது என்கின்றன சில. அடியோடு கூடாது என்கிற சபைகளும் உண்டு, கண்டும் காணாமலும் விடுகிறவையும் உண்டு. ஒவ்வொரு வசந்தத்திலும், ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும், திருவிருந்துக்கு முன்பு யாராவது ஒருவர் எழுந்து இந்தப் பேச்சை எடுக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கும் பையன்களில் சிலருடைய சட்டைப் பையிலேயே அது இருக்கிறது, சத்தத்தை அணைத்து.